சிறைக் கதவும் அடைக்காத சிரிப்பு

பேசும் படம் தமிழ் நாட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. இன்று பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு மாவட்டங்களாக விளங்கும் பகுதி அன்று திருச்சி ஜில்லாவில் சேர்ந்திருந்தது. சோளமும் கடலையும் விளையும் புன்செய்ச் சீமை. அப்படிப்பட்ட ஊர்களுக்குச் சினிமா வந்து சேர்ந்தது டூரிங் கொட்டகை மூலமாகத்தான். சுற்றிலும் கம்பம், மேலே கித்தான், கீழே மணல், அவ்வளவுதான் கொட்டகை. வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் ஜனங்கள் வந்து சேருவார்கள். படம் புராணமா, சரித்திரமா என்பது பற்றிப் பலருக்குக் கவலையே இல்லை. கதாநாயகன் யார் என்று தெரிந்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். படத்தில் கிருஷ்ணனும் மதுரமும் உண்டா, இல்லையா?

உண்டு என்று தெரிந்துவிட்டால் மணல் தரையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அந்தக் கிருஷ்ணன்தான் என். எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் கலைவாணர் என்று நாடு அழைத்தவர். தமிழ் சினிமாவில் ஹாஸ்யம் இலை ஓரத்து ஊறுகாயாக இருந்தது. அதைத் தனியாக ஓர் இலை போட்டுப் பரிமாறக்கூடிய விருந்தாக ஆக்கியவர் அவர். அந்த விருந்துக்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதல்ல.

பாரிஸில் ஒரு கோட்டு

1931-ம் வருஷத்தில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிரான்ஸ் தேசத்தில் ரெனே கிளேர் என்ற டைரக்டர் 'லெ மிலியோன்' என்று ஒரு சங்கீத ஹாஸ்யப் படம் எடுத்து வெளியிட்டார். கடன்காரர்களின் தொல்லையில் தத்தளிக்கும் ஏழைச் சித்திரக்காரன் ஒருவனுக்கு லாட்டரியில் பெரும் பரிசு விழுகிறது. ஆனால் சீட்டு இருந்ததோ பழைய கோட்டுப் பையில். அந்தக் கோட்டோ கை மாறிப் போய்விட்டது. கோட்டைத் தேடி எல்லோரும் ஓடுகிற ஓட்டம்தான் கதை. துரத்தி வந்த கடைக்காரர்கள் கூட்டமாக நின்று பாடுகிறார்கள். கோட்டு கடைசியில் சங்கீத நாடக மேடைக்கே போய்ச் சேருகிறது. பாட்டும் சிரிப்பும் கதையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். பேசும் படத்தைக் கண்டு உலகத்து டைரக்டர்கள் பலர் விழித்துக் கொண்டிருந்தபோது, பாட்டைக் கொண்டே ஜனங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று காட்டிய படம் அது.

அதே வருஷம் அக்டோபர் 31-ந் தேதி சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. பம்பாயில் தயாரான படம். எச். எம். ரெட்டி டைரக்ட் செய்தார், டி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அந்தப் படத்துடன் தமிழ்ப் பேசும் படத்தின் சகாப்தம் தொடங்கியது. தொடர்ந்து வந்த படங்களில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பாட்டெல்லாம் பக்திக்கும் காதலுக்கும் சோகத்துக்கும் சொந்தமாக இருந்தன. சிரிப்புக்கென்று பாட்டு வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.

அந்த ஆள் அப்போது நாடக மேடையில் இருந்தார்.

ஒழுகினசேரிப் பையன்

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 1908-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் பிறந்தவர் கிருஷ்ணன். ஏழைக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. டென்னிஸ் ஆடும் கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு விற்க வந்த பையன், விற்பதை மறந்து மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வியப்பில்லை.

நாஞ்சில் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு வில்லுப்பாட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கோயில் கொடையில் விடிய விடிய வில்லடிப்பார்கள். நீண்ட வில்லில் கட்டிய மணிகள் கலகலக்கும். தலைமைப் பாடகர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார், சிரிக்க வைப்பார். ஒருவர் சொல்ல, மற்றவர் மறிக்க, நடுவில் நியாயம் பிறக்கும். பிற்காலத்தில் கிருஷ்ணனும் மதுரமும் படங்களில் செய்த தர்க்கத்துக்கெல்லாம் வித்து இந்த வில்லடியில்தான் இருக்கிறது.

1925-ல் டி. கே. எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியில் கிருஷ்ணன் சேர்ந்தார். பையன்கள் கம்பெனி என்றால் குருகுலம் மாதிரி. விடியற்காலையில் எழுந்து பாட வேண்டும், பாடம் ஒப்பிக்க வேண்டும், அடியும் உண்டு. இன்ன வேஷம்தான் என்றில்லாமல் எந்த வேஷத்துக்கு ஆள் குறைந்தாலும் எழுந்து நிற்கக் கூடியவராகக் கிருஷ்ணன் பெயர் எடுத்தார். 'தேசபக்தி' நாடகத்தில் காந்தியடிகளின் சரித்திரத்தை வில்லுப்பாட்டாகப் பாடி அவையைக் கவர்ந்ததும் அந்த நாட்களில்தான். கோயில் வாசலில் பிறந்த கலையை விடுதலைப் போராட்டத்துக்குத் துணையாக்கிய முயற்சி அது.

பபூனுக்கு வந்த மரியாதை

பழைய நாடகங்களில் ஹாஸ்யத்துக்கு என்ன இடம் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கிருஷ்ணன் செய்த காரியத்தின் அருமை விளங்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் உண்டு. ராஜா வருவதற்கு முன் அவன் வந்து ராஜாவையே கேலி செய்வான். ஸ்பெஷல் நாடகம் வந்தபோது கட்டியங்காரன் பபூன் ஆனான். ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையில், ராஜபார்ட் உடை மாற்றும் நேரத்தில், ஜனங்கள் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பது பபூன் வேலை. அதற்காக அவன் எதையும் சொல்வான். கொச்சையும் இரட்டை அர்த்தமும் கலந்து வரும். முன் வரிசைப் பெண்கள் தலை குனிந்துகொள்வார்கள்.

கிருஷ்ணன் பபூனின் துணிச்சலை வைத்துக்கொண்டார், ஆபாசத்தை விட்டுவிட்டார். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கக் கூடியதாக ஹாஸ்யம் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஊனத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பதை விட, மூடத்தனத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பதையே அவர் விரும்பினார். போலிச் சாமியார், குடிகாரன், வீண் ஜம்பம் அடிப்பவன், படிப்பு வேண்டாம் என்பவன் என்று அவரிடம் அகப்பட்டவர்கள் பலர். அகப்பட்டவனும் சேர்ந்து சிரிக்கும்படியாகத்தான் அந்தக் கேலி இருக்கும்.

1935-ல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'மேனகா' படமாயிற்று. அதில் கிருஷ்ணன் நடித்தார். 1936-ல் 'சதிலீலாவதி' வந்தது. எஸ். எஸ். வாசனின் கதை, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ஷன். எம். கே. ராதா கதாநாயகன். எம். ஜி. ராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோருக்கு அதுவே முதல் படம். பின்னால் தமிழ்த் திரையை ஆண்டவர்கள் பலர் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்த வேடிக்கை அந்தப் படத்தில் நடந்தது.

மதுரம் வந்தார்

அதே 1936-ல் ராஜா சாண்டோ டைரக்ட் செய்த 'வசந்தசேனா' படத்துக்காக நடிகர் கோஷ்டி ஒன்று புனாவுக்குப் புறப்பட்டது. கோஷ்டியில் கிருஷ்ணனும் இருந்தார். திருச்சிச் சீமையைச் சேர்ந்த டி. ஏ. மதுரம் என்ற இளம் நடிகையும் இருந்தார். போகும் வழியில் தொடங்கிய அறிமுகம் புனாவில் கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணன் ஏற்கெனவே மணமானவர். இருந்தாலும் இந்தப் பந்தம் கடைசி வரை நிலைத்தது. நாகர்கோவிலில் அவர் கட்டிய வீட்டுக்கு வைத்த பெயரே மதுர பவனம்.

மதுரம் வெறும் ஜோடியாக மட்டும் வரவில்லை. அன்றையப் படங்களில் கதாநாயகி அழுவாள், பொறுப்பாள், புருஷன் காலில் விழுவாள். மதுரமோ எதிர்க் கேள்வி கேட்டார். புருஷன் ஒரு புளுகு விட்டால் பெண்டாட்டி அதை அவிழ்த்துக் கொட்டுவாள். அவன் பாட்டில் ஜம்பம் அடித்தால் இவள் பாட்டிலேயே மூக்கை உடைப்பாள். பெரும்பாலும் தர்க்கத்தில் தோற்பவர் கிருஷ்ணன்தான். தாம் தோற்பதில்தான் சிரிப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்புக்குக் காரணமும் அதுதான். வீட்டில் சொல்ல முடியாததை மதுரம் வெள்ளித் திரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்துக்குள் ஒரு படம்

1937-ல் 'அம்பிகாபதி' வந்தது. தியாகராஜ பாகவதர் கதாநாயகன், டங்கன் டைரக்டர். கிருஷ்ணனும் மதுரமும் அதில் உண்டு. 1939-ல் 'திருநீலகண்டர்', 1941-ல் 'அசோக்குமார்', 1942-ல் 'கண்ணகி', 1944-ல் 'ஹரிதாஸ்' என்று வரிசையாகப் படங்கள். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' 1940-ல் வந்தபோது, காளிதாசன் எழுதிய செம்படவன் பாத்திரம் கிருஷ்ணனிடமும் டி. எஸ். துரைராஜிடமும் சிக்கி, கொட்டகையைக் குலுக்கியது.

இந்தப் படங்களில் ஹாஸ்யப் பகுதி உருவான விதமே விசித்திரமானது. கதை ஒரு பக்கம் நடக்கும். ஹாஸ்யத்துக்கென்று இத்தனை அடி நீளம் என்று முதலாளி ஒதுக்கிவிடுவார். அதற்குள் என்ன நடக்க வேண்டும், யார் நடிக்க வேண்டும், என்ன பாட்டு என்பதெல்லாம் கிருஷ்ணன் பொறுப்பு. அவரிடம் சொந்தமாக ஒரு கோஷ்டி இருந்தது. துரைராஜ், புளிமூட்டை ராமசாமி போன்ற நடிகர்கள் உண்டு. பாட்டெழுத உடுமலை நாராயண கவி உண்டு. அவர்கள் கூடிப் பேசி, ஒரு சிறு கதையை அமைத்து, வசனமும் பாட்டும் சேர்த்து, தனியாகப் படம் பிடித்துக் கொடுப்பார்கள். அது பெரிய படத்துக்குள் ஒரு சின்னப் படமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய கதையில் ராஜகுமாரன் காதலிக்காகப் பத்துப் பாட்டுப் பாடுவான். சின்னக் கதையில் ஒரு சாதாரணப் புருஷன் பெண்டாட்டியிடம் அகப்பட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவான். வீட்டுக்குப் போகும் வழியில் ஜனங்கள் முணுமுணுத்தது பல சமயம் இரண்டாவது பாட்டைத்தான். பெரிய படம் சறுக்கினாலும் கிருஷ்ணன் பகுதி தூக்கி நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை விநியோகஸ்தர்களிடம் வேரூன்றியது. கிருஷ்ணன் இல்லாத படத்தை வாங்க யோசித்தார்கள்.

சிரிப்பையே முழுக் கதையாக்கும் முயற்சியிலும் அவர் இறங்கினார். பம்மல் சம்பந்த முதலியார் 'சந்திரஹரி' என்று ஒரு நாடகம் எழுதியிருந்தார். அரிச்சந்திரனைத் தலைகீழாக்கிய கதை அது. அரிச்சந்திரன் உயிர் போனாலும் பொய் சொல்ல மாட்டான். சந்திரஹரியோ என்ன வந்தாலும் உண்மை பேச மாட்டான். 1941-ல் கிருஷ்ணனும் மதுரமும் நடித்து அது படமாக வந்தது. அரிச்சந்திரன் கதையை அழுதுகொண்டே பார்த்துப் பழகிய ஜனங்கள் அதே கதையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பாரிஸில் ரெனே கிளேர் செய்ததற்கும் இங்கே கிருஷ்ணன் செய்ததற்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் பிரெஞ்சு மேடையின் ஹாஸ்ய சங்கீத நாடகம் இருந்தது. இவருக்குப் பின்னால் கட்டியங்காரனும் வில்லடியும் இருந்தன. ஆனாலும் இரண்டு பேரும் கண்ட உண்மை ஒன்றுதான். பாட்டு என்பது கதையை நிறுத்திவிட்டுப் பாடுவதற்கு மட்டும் அல்ல. சிரிப்பைச் சுமந்து செல்லவும் அதற்குத் தோள் உண்டு.

இடி விழுந்தது

1944-ம் வருஷத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. சென்னை பிராட்வே டாக்கீஸில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதில் நடித்த பாகவதரும் கிருஷ்ணனும் அடுத்த தீபாவளியைச் சிறையில்தான் கழித்தார்கள்.

லட்சுமிகாந்தன் என்பவர் சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பத்திரிகை நடத்தி வந்தார். முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்'. 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பர் கடைசியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். பட்சிராஜா ஸ்டூடியோ முதலாளியும் டைரக்டருமான ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

ஜூரிகள் முன்னிலையில் ஹைகோர்ட்டில் நடந்த அந்த விசாரணையைத் தமிழ் நாடே கவனித்தது. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையோர் கூறினர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று.

சிரிக்க வைத்தவனைக் கொலைகாரன் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய அடி ஒரு ஹாஸ்ய நடிகனுக்கு என்ன இருக்க முடியும்? கதாநாயகன் மீது பழி விழுந்தால் ஜனங்கள் இரக்கப்படுவார்கள். ஹாஸ்ய நடிகனின் முதலோ நம்பிக்கை ஒன்றுதான். அவன் முகத்தைக் கண்டதும் கவலை மறக்க வேண்டும். அந்த முகத்தைக் கண்டதும் கத்தியும் ரத்தமும் ஞாபகம் வருமானால் சிரிப்பு எங்கிருந்து பிறக்கும்?

மதுரம் சுமந்த பாரம்

வெளியே மதுரம் தனியாக நின்றார். வக்கீல்களுக்குப் பணம் வேண்டும். கிருஷ்ணனை நம்பி இருந்த நடிகர்களுக்குச் சோறு வேண்டும். கிருஷ்ணன் பெயரில் நாடக மன்றம் நடந்து வந்தது. எஸ். வி. சகஸ்ரநாமம் அதன் பொறுப்பைத் தூக்கிக்கொண்டார். கஷ்ட காலத்தில் கருத்து வேற்றுமையும் வந்தது. கே. ஆர். ராமசாமி பிரிந்து போய்த் தனியாக ஒரு சபை அமைத்தார். அதற்கும் கிருஷ்ணன் நாடக சபை என்றே பெயர் வைத்தார். சண்டை போட்டுப் பிரிந்தவரும் சிறையில் இருந்தவரின் பெயரை விட மனம் இல்லாமல் எடுத்துச் சென்றார் என்றால், அந்தப் பெயர் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

பிரிந்து போன அந்தச் சபையில்தான் அண்ணாதுரையின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ஆகிய நாடகங்கள் அரங்கேறிப் புகழ் பெற்றன.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அங்கே விஷயம் மறு விசாரணைக்காகச் சென்னை ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வக்கீல் எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்கள் நம்பத் தகுந்தவை அல்ல என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 1947 ஏப்ரல் 25-ந் தேதி இருவரும் விடுதலை ஆனார்கள். கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

ஒரே நாளில் வெளியே வந்த இருவருக்கும் காலம் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தது. பாகவதரின் 'ராஜமுக்தி' 1948-ல் வந்து தோல்வி கண்டது. அவருடைய பழைய அரியணை திரும்பக் கிடைக்கவே இல்லை. கிருஷ்ணன் விஷயத்தில் நடந்தது வேறு.

மறுபடியும் சிரிப்பு

கிருஷ்ணன் சிறையில் இருந்தபோதே சகஸ்ரநாமமும் மதுரமும் 'பைத்தியக்காரன்' என்ற படத்தைத் தொடங்கியிருந்தார்கள். கிழவனுக்கு இளம் பெண்ணைக் கட்டி வைக்கும் கொடுமையைச் சாடிய கதை. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். விடுதலையான கிருஷ்ணனும் அதில் வந்து சேர்ந்துகொண்டார். 1947-லேயே படம் வெளியாயிற்று. சிறைக்குப் போய் வந்ததை அவர் மறைக்கவில்லை. அந்த அனுபவத்தையே ஹாஸ்யத்துக்கு விஷயம் ஆக்கிக்கொண்டார். தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கத் தெரிந்த மனிதனைப் பார்த்து வேறு யார் முகம் சுளிப்பார்கள்? கொட்டகை பழையபடி சிரித்தது. ஹைகோர்ட்டின் விடுதலையை விட அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பெரிய விடுதலை.

அதே வருஷத்தில் கலைவாணர் என்ற பட்டம் கிடைத்தது. சூட்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். படித்தவர்களும் வக்கீல்களும் நாடகம் ஆடலாம் என்று காட்டித் தமிழ் மேடைக்குக் கௌரவம் தேடித் தந்த பெரியவர் அவர். அவர் கையால், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பிள்ளைக்குக் கௌரவம்.

சிறையிலிருந்து வந்த கிருஷ்ணனிடம் கசப்பு இல்லை, ஆழம் இருந்தது. 1949-ல் வந்த 'நல்லதம்பி' அதற்குச் சான்று. அண்ணாதுரை எழுதிய படம். மதுவிலக்குப் பிரசாரம் கதையோடு பின்னி வரும். அதில் கிருஷ்ணன் கிந்தனார் காலக்ஷேபம் செய்வார். உடுமலை நாராயண கவியின் கைவண்ணம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைத் தமிழ் நாடு நன்கு அறியும். சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான் நந்தன். கிந்தனோ படிப்புக்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். தீண்டாமைக் கொடுமையில் பள்ளிக்கூட வாசல் அவனுக்கு அடைபட்டிருக்கிறது. ரயில் ஏறிப் போகிறான். படித்து உத்தியோகஸ்தனாகத் திரும்புகிறான். பாகவதர்கள் பக்திக்குப் பயன்படுத்திய அதே காலக்ஷேப பாணி, அதே தாளக்கட்டு, அதே குழைவு. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் புதிது. ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் யோசித்தார்கள்.

டைரக்டராகவும் இரண்டு படங்களில் முத்திரை பதித்தார். 1951-ல் 'மணமகள்' வந்தது, பத்மினி கதாநாயகி. 1952-ல் 'பணம்', சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்தார்கள். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இரட்டையர்களாகச் சேர்ந்து இசையமைத்த முதல் படம் 'பணம்'. வில்லுப்பாட்டையும் அவர் மறக்கவில்லை. சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து ஊக்கம் கொடுத்தார். அந்த இளைஞர் வில்லிசைக்கே அடையாளமாகி, 2022 வரை வாழ்ந்தார்.

கொடுத்த கை

கிருஷ்ணன் சம்பாதித்தது கொஞ்சமல்ல. கொடுத்ததோ அதற்கு மேல். காந்தியடிகள் மறைந்த பிறகு நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். வீடு தேடி வந்தவர்களில் வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைவு.

இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. வருமான வரி அதிகாரி ஒருவர் அவருடைய கணக்கைப் பார்த்தாராம். பக்கத்துக்குப் பக்கம் தர்மம், தர்மம் என்றே செலவு எழுதியிருந்ததைக் கண்டு அதிகாரிக்குச் சந்தேகம். தாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல், மகள் கல்யாணத்துக்குக் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். கிருஷ்ணன் விசாரணை எதுவும் செய்யாமல் கொடுக்க முன்வந்தாராம். சந்தேகம் தீர்ந்த அதிகாரி தலை குனிந்தாராம். கதை எவ்வளவு தூரம் வளர்ந்ததோ, அவரைப் பற்றி இப்படித்தான் கதை வளரும் என்பதே ஒரு செய்திதான்.

அரசியல் மேடையிலும் அவருடைய ஹாஸ்யம் யாரையும் புண்படுத்தவில்லை. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பேசப் போனார். எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கிருஷ்ணன் பேச்சு முழுவதும் அந்த டாக்டரையே புகழ்ந்தாராம். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இத்தனை நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் வைத்தியம் பார்ப்பது யார் என்று கேட்டு, அண்ணாதுரையை அனுப்பிவிட்டு டாக்டரை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தாராம். எதிரியைத் திட்டாமலே ஓட்டுக் கேட்கும் வித்தை அது.

இரண்டு அம்பிகாபதிகள்

1956-ல் 'ராஜா ராணி' வந்தது. மனிதர்கள் சிரிக்கும் சிரிப்பில் எத்தனை வகை என்று பாடி, ஒவ்வொரு வகையையும் சிரித்துக் காட்டினார் கிருஷ்ணன். வாழ்நாள் முழுவதும் ஒரு தொழிலைச் செய்தவர் தம் கருவிகளை வரிசையாக எடுத்து வைத்துக் காட்டியது போல் இருந்தது அது.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. கைப்பொருளும் கரைந்து போயிருந்தது. ஆனாலும் நடிப்பதை நிறுத்தவில்லை. இருபது வருஷத்துக்கு முன் பாகவதரோடு நடித்த 'அம்பிகாபதி' கதை, சிவாஜி கணேசனைக் கதாநாயகனாகக் கொண்டு மறுபடியும் தயாராயிற்று. கதாநாயகன் மாறினான், டைரக்டர் மாறினார், தமிழ் சினிமாவே தலைகீழாக மாறிவிட்டது. மாறாமல் நின்றவர் கிருஷ்ணன். அந்தப் படம் திரைக்கு வருவதற்குள் 1957 ஆகஸ்டு 30-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48 தான். அந்த வருஷ அக்டோபரில் படம் வெளியானபோது, மறைந்துபோன மனிதரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மதுரம் 1974 வரை இருந்தார். சென்னை தியாகராய நகரில் 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளில், கிருஷ்ணனின் சிலை திறக்கப்பட்டது. முதலமைச்சர் அண்ணாதுரை நோயின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு வந்து திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். மூன்று வாரத்தில் அவரும் மறைந்தார். அரசாங்கத்தின் பாலர் அரங்கம் கலைவாணர் அரங்கம் என்று பெயர் மாறியது. பழைய கட்டடம் போய், 2016-ல் புதிய கட்டடமும் அதே பெயரோடு எழுந்து நிற்கிறது.

டூரிங் கொட்டகைகள் மறைந்துவிட்டன. மணல் தரையும் போயிற்று. தமிழ்ப் படத்தில் ஹாஸ்ய நடிகர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், வருகிறார்கள். தங்களுக்கென்று தனிக் கோஷ்டி வைத்துக்கொள்கிறார்கள். படம் ஓடுவதற்குத் தாங்களும் காரணம் என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். அவர்கள் நடக்கும் அந்தப் பாதையை முதலில் வெட்டியவர் ஒழுகினசேரிக் கிருஷ்ணன். ஏழ்மை அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே தள்ளியது. கோர்ட்டு அவரைச் சிறைக்குள்ளே தள்ளியது. இரண்டு இடத்திலிருந்தும் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அதுவும் பிறரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார். அதுதான் பெருமை.